நோகாத கண்ணுக்கு ஏன் கிளினிக்?

வாசகர் கேள்விகளுக்கு, மாங்குளத்தில் வசிக்கும் இளைப்பாறிய கண் பிரிவுத் தாதிய உத்தியோகத்தர் பதிலளிக்கிறார்.

சென்ற இதழில் வெண்புரை பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளுக்கோமாவை, அதாவது பார்வை நரம்பு மெல்லமெல்ல நலிந்துபோகிற கண் வருத்தத்தைப் பற்றியவை. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. நான் வைத்தியர் இல்லை. வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று மருந்து விட்டவள். அவரிடம் கேட்கப் பயந்து நோயாளிகள் வெளி வாங்கில் வந்து கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னவள். உங்கள் கண்ணைப் பார்க்காமல்தான் இங்கே எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. வயல் செய்கிறார். சில மாதங்களாகக் கதவுநிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். வரம்பில் கால் தவறுகிறது. பக்கத்தில் வைத்த தண்ணீர்ப் பேணியைத் தட்டிவிடுகிறார். ஆனால் பேப்பரில் சின்ன எழுத்தையும் வாசிக்கிறார். “வெண்புரைதான், முற்றட்டும், பிறகு வெட்டலாம்” என்கிறார். இது குளுக்கோமாவின் ஆரம்பமா?
— ஒரு மகள், துணுக்காய்

பதில்: மகளே, இது குளுக்கோமாவாக இருக்கலாம். ஆனால் அப்படியானால் இது ஆரம்பம் இல்லை. தோள் இடிபடுகிற நேரத்தில் வருத்தம் வெகுதூரம் வந்துவிட்டது என்று பொருள். அப்பாவை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இடிபடுவதும் தட்டுப்படுவதும் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் என்றால், பக்கவாதம் போன்ற மூளைக் கோளாறிலும் அப்படி வரும். ஒரு நாளில் திடீரென்று தொடங்கியிருந்தால் கண் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குளுக்கோமாவில் மிகச் சாதாரணமாக வருகிற வகை, திறந்த கோண வகை. அதன் ஆரம்பத்தில் நோயாளிக்கு என்ன தெரியும் என்றால், ஒன்றுமே தெரியாது. நோவு இல்லை, சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை, கடைசிவரை எழுத்தும் தெரியும். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் இரவு பகலாகச் சுரந்துகொண்டிருக்கிறது. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல இருக்கும் கருவிழியும், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான கதிராளியும் சந்திக்கிற மூலையில் (கோணம் என்பது இதைத்தான்) உள்ள வலை போன்ற திசுவின் வழியாக அது வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. இரணைமடுக் குளத்துக்கு வரத்து வந்துகொண்டேயிருக்க வான்கதவு இறுகிப்போனால் அணைக்கட்டுக்கு என்ன நடக்கும் என்று அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்ணில் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் நலிவது பின்பக்கத்தில் இருக்கும் பார்வை நரம்பு. அதில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய நார்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகின்றன. பெரும்பாலும் மூக்குப் பக்கத்துப் பார்வையும் நடுவுக்குச் சற்று மேலேயும் கீழேயும் உள்ள பகுதிகளும் முதலில் போகும். நேர் நடு கடைசியில்தான் போகும். உங்கள் அப்பா பேப்பர் வாசிப்பது அந்த நடுவால்தான்.

போன இடம் கறுப்பாகத் தெரிந்தாலாவது ஆள் பயந்து ஓடி வரும். அப்படியும் தெரிவதில்லை. ஒரு கண்ணில் இல்லாததை மற்றக் கண் கொடுத்துவிடுகிறது. மிச்சத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பரிசோதனையில் ஒரு கண்ணை மூடச் சொன்ன பிறகுதான், “ஐயோ, இந்தப் பக்கம் எப்போது போனது?” என்று கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நரம்பு நார்களில் கணிசமான பங்கு போன பிறகும், பார்வை எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்று அளக்கும் சாதாரண பார்வைப் புலச் சோதனை சரியாகவே வரலாம். அதனால்தான் வைத்தியர்கள் நரம்பையே நேரில் பார்க்கிறார்கள்.

அடுத்தது, “முற்றட்டும்” என்ற கதை. வெண்புரை முற்றும்வரை காத்திருந்தது பழைய காலம். இப்போது முற்றாமலே எடுக்கிறார்கள். வெண்புரையில் பார்வை முழுவதும் புகைபோல மங்கும். எதிரே வரும் வாகன வெளிச்சம் கூசும். செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்ப வரும். குளுக்கோமாவில் போன பார்வையை எந்தச் சத்திரசிகிச்சையும் மீட்டுத் தராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். ஒரே கண்ணில் இரண்டும் இருப்பது வயதானவர்களிடம் அபூர்வம் இல்லை. வெண்புரை என்று நினைத்துக் காலபோகம் முடியட்டும், சிறுபோகம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டிருக்கும்போது பின்னால் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. வன்னியில் நான் பார்த்தவர்களில் அதிகம் பேர் இப்படித்தான் கண்ணை இழந்தார்கள். வறுமையால் என்று சொல்வார்கள். என் கணக்கில், தள்ளிப்போட்டதால்.

கண் பிரிவில் செய்வது பயப்படும்படியான காரியம் இல்லை. விறைக்கச் செய்யும் ஒரு துளி விட்டு, நீல வெளிச்சக் கருவியின் நுனியைக் கண்ணில் மெல்லத் தொட்டு அழுத்தத்தை அளப்பார்கள். சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். பிறகு இன்னொரு துளியால் கண்மணியை விரியவைத்து நரம்பைப் பார்ப்பார்கள். தேவையென்றால், கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் பார்த்துக்கொண்டு வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். இதுதான் பார்வைப் புலச் சோதனை. இதில் எல்லாருக்கும் அலுப்பு வரும். அலுப்பில் கண்டபடி அமுக்கினால் முடிவும் கண்டபடிதான் வரும்.

அழுத்தம் 21இற்குள் இருந்தும் நரம்பு கெட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். 21இற்கு மேல் இருந்தும் கெடாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே “பிரஷர் பார்த்தார்கள், சரியாம்” என்பதோடு நிற்காமல் “நரம்பைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். பாடசாலை மண்டபத்தில் எழுத்து அட்டையைக் காட்டிக் கண்ணாடி கொடுக்கிற முகாம்கள் நல்லவைதான். ஆனால் எழுத்து முழுவதும் தெரிகிறவருக்கும் குளுக்கோமா இருக்கலாம். “முகாமில் காட்டிவிட்டேன்” என்பது இந்த வருத்தத்துக்குப் பதில் ஆகாது.

கேள்வி: கனடாவில் இருக்கும் மூத்த அண்ணாவுக்குக் குளுக்கோமா என்று பிடித்திருக்கிறார்கள். “நீங்கள் எல்லாரும் கண்ணைக் காட்டுங்கள்” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கரைச்சல் கொடுக்கிறார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டுக்குப் போய் அண்ணா பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டார் என்று தம்பி சிரிக்கிறான்.
— ஒரு தங்கை, உடையார்கட்டு

பதில்: சிரித்து முடிந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றாருக்கோ கூடப்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது. கூடப்பிறந்தவர்கள்தான் இதில் முதல் வரிசை. ஒரு குறையும் தெரியாத இப்போதுதான் போக வேண்டிய நேரம்.

இன்னொன்றும் செய்யுங்கள். அம்மம்மா, அப்பப்பா ஆட்களில் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் திண்ணையில் இருந்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். “வயது போனதால் கண் போனது” என்பார்கள். வயது மட்டும் ஒருவரையும் குருடாக்குவதில்லை. இடப்பெயர்வில் எங்கள் சனத்தின் கிளினிக் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. குடும்ப வருத்தம் எது என்று எழுதிவைத்த இடம் இன்று பெரியவர்களின் வாய்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

40 வயதைத் தாண்டியவர்கள், சீனி வருத்தக்காரர், கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்கள், ஸ்ரீரொயிட் மருந்து நெடுநாள் பாவிக்கிறவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் ஆகியோரும் குறை இல்லாமலே ஒருமுறை காட்ட வேண்டியவர்கள். அடுத்தது எப்போது என்பதை வைத்தியர் சொல்வார்.

கேள்வி: வயது 50. சில நாள் பின்னேரங்களில் வலது கண்ணுக்கு மேலே தலையிடி. அந்த நேரம் மின்குமிழைச் சுற்றி வானவில்போல நிற வளையம் தெரிகிறது, பார்வையும் புகைகிறது. படுத்து எழும்பினால் சரி. ஒற்றைத் தலைவலி என்று குளிசை போடுகிறேன்.
— ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, குளிசையை மேசையில் வைத்துவிட்டு நாளைக் காலையில் வைத்தியசாலைக்குப் போங்கள். இது மூடிய கோண வகைக் குளுக்கோமாவின் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆரம்பத்தில் அடையாளம் காட்டக்கூடிய வகை இதுதான். ஆனால் இதிலும் எல்லாருக்கும் காட்டாது, சத்தமில்லாமல் நடப்பவையும் உண்டு. எங்கள் ஆசிய நாட்டுக்காரரிடம் இந்த வகை மேலைநாட்டாரைவிடக் கூடுதல். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் வயது ஏறஏறக் கூடுதல்.

பொழுதுபட்ட பிறகு மங்கல் வெளிச்சத்தில் கண்மணி பாதி விரிந்து நிற்கும்போது, நீர் வடிகிற மூலையைக் கதிராளி அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறக் கருவிழியில் நீர் ஊறி நிற வளையம் தெரிகிறது. நித்திரையில் கண்மணி சுருங்க, மூலை மறுபடி திறக்கிறது. அதனால்தான் படுத்து எழும்பினால் உங்களுக்குச் சுகமாகிறது. அந்தச் சுகத்தை நம்ப வேண்டாம். ஒருநாள் திறக்காமலே போனால் தாங்க முடியாத கண்வலி, சிவப்பு, மங்கல், அதோடு சத்தியும் வரும். சத்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்துப் பொது விடுதியில் படுக்கவைத்து, கண்ணைக் கவனிக்க ஒருநாள் சுணங்கிய கதைகளும் உண்டு. அப்படி வந்தால் “கண் நோகிறது, பார்வை மங்குகிறது” என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அது மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம்.

நேரத்தோடு போனால் கதிராளியின் ஓரத்தில் லேசரால் நுண்ணிய துளை ஒன்று போடுவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வரலாம். அதுவரை தடிமனுக்கான குளிசை எதையும் வைத்தியரைக் கேட்காமல் போட வேண்டாம். அவற்றில் சில கண்மணியை விரியவைக்கும்.

கேள்வி: 2009இல் செல் (எறிகணை) விழுந்த இடத்துக்குக் கிட்ட நின்றபோது ஏதோ பறந்து வந்து இடது கண்ணில் அடித்தது. கண்ணுக்குள் இரத்தம் கட்டி, ஒரு வாரத்தில் பார்வை திரும்பிவிட்டது. இப்போது வயது 36. அந்தக் கண்ணால் நன்றாகத் தெரிகிறது. பழைய கதையை இனிக் கிளற வேண்டுமா?
— ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டும், தம்பி. இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களைப்போல இன்னும் எத்தனையோ பேர் எழுதாமல் இருக்கிறார்கள்.

மழுங்கலான அடி கண்ணில் பலமாக விழும்போது, நான் மேலே சொன்ன அந்த மூலை கிழிந்து பின்னால் போகலாம். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் அப்படி நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரத்தம் வற்றிப் பார்வை திரும்பிவிடும். ஆனால் கிழிந்த இடத்தில் தழும்பு விழுந்து வடிகால் மெல்லமெல்ல இறுகி, பத்து, இருபது வருடங்களுக்குப் பிறகுகூட அந்த ஒரு கண்ணில் மட்டும் குளுக்கோமா வரலாம். அடிபட்ட எல்லாருக்கும் வராது. ஆனால் வந்தால் மற்ற வகையைப்போலவே நோகாமல் வரும். இதற்கு 40 வயது ஆக வேண்டியதில்லை.

கிளினிக்கில் “கண் பார்க்க வந்தேன்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். எந்த ஆண்டு, எந்தக் கண், இரத்தம் கட்டியது என்று சொல்லுங்கள். அப்போதுதான் ஒரு வில்லையைக் கண்ணில் வைத்து அந்த மூலையைப் பார்ப்பார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வெளியிலிருந்து பார்க்க அந்தக் கண் மற்றக் கண்ணைப்போலத்தான் இருக்கும். கண்ணிலோ முகத்திலோ உலோகத் துண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எதற்காகவாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் படுக்கைக்குப் போகுமுன் அங்கேயும் சொல்ல வேண்டும். அந்தக் கருவி பெரிய காந்தம், அதில் உலோகம் நகர்ந்தால் கண் போய்விடும். ஒருமுறை பார்த்து நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை காட்டுவதே உங்களுக்கு நல்லது.

செல் மட்டும் இல்லை. கிட்டிப்புள், கிரிக்கெட் பந்து, விறகு கொத்தும்போது தெறித்த கட்டை எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: மகனுக்கு 9 வயது. கண் கடி. முன்பு வைத்தியர் தந்த துளியின் வெறும் போத்தலைக் காட்டிப் பாமசியில் அதையே வாங்கி விடுகிறோம். விட்டவுடன் கடி நின்றுவிடுகிறது. ஒன்றரை வருடமாகிறது.
— ஒரு தாய், முள்ளியவளை

பதில்: போத்தலில் டெக்ஸாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்ரீரொயிட். கடிக்கு அதைப்போல உடனே கேட்கிற மருந்து இல்லை. அதனாலேயே ஆபத்தானது. நாட்கணக்கில் வைத்தியரின் கண்காணிப்பில் விட வேண்டியதை மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிக் குளுக்கோமாவில் முடியும், வெண்புரையும் வரும். பிள்ளைகளின் கண் இதற்கு வளர்ந்தவர்களைவிட வேகமாக இடம் கொடுக்கும். பாமசிக்காரர் தருகிறார் என்பதற்காக மருந்து பாதுகாப்பானது ஆகிவிடாது. போத்தலோடு மகனைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். கடிக்கு ஸ்ரீரொயிட் இல்லாத துளிகள் இருக்கின்றன. முகத்தில் பூசும் கிறீம், குளிசை, மூச்சுக்கு இழுக்கும் மருந்து ஆகியவற்றிலும் ஸ்ரீரொயிட் இருக்கலாம். அவற்றை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், கண் வைத்தியரிடம் சொன்னால் போதும்.

கேள்வி: உயர் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். கண் பிரஷரும் அதோடு குறையும்தானே?
— ஒரு வாசகர், நெடுங்கேணி

பதில்: குறையும் என்று இருக்க வேண்டாம். கையில் பட்டி கட்டிப் பார்ப்பது வேறு, கண்ணில் பார்ப்பது வேறு. ஒன்று சரியென்றால் மற்றதும் சரியென்று அர்த்தம் இல்லை. உங்கள் குளிசையின் பெயரைக் கண் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: நான் நாதஸ்வரக் கலைஞன். குளுக்கோமா என்று துளி விடுகிறேன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் வாசிக்கலாமா?
— ஒரு வாசகர், முல்லைத்தீவு

பதில்: இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை, ஐயா. ஆனால் நியாயமான கேள்வி. ட்ரம்பெட், ஓபோ போன்று மூச்சை இறுக்கி ஊதும் மேலைநாட்டுக் கருவிகளை வாசிப்போருக்கு, ஊதும் நேரத்தில் கண் அழுத்தம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். ஓபோவும் நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதுவதுதான். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. எத்தனை மணித்தியாலம் வாசிப்பீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லி, உங்கள் நரம்பின் நிலையை வைத்து அவர் முடிவு சொல்லட்டும். முடிந்தால் வாசித்த கையோடு ஒருநாள் அழுத்தத்தை அளக்கக் கேளுங்கள். தலைகீழாக நிற்கும் யோகாசனங்களை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாமிக்கு இரண்டு துளி மருந்து எழுதினார்கள். மூன்று மாதம் விட்டும் பார்வை கூடவில்லை என்று நிறுத்திவிட்டார். ஒன்றை விட்டால் முட்டு வருகிறது என்றும் சொல்கிறார். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் இல்லை.
— ஒரு மருமகள், ஒட்டுசுட்டான்

பதில்: முட்டுத்தான் முதலில். துளிகளில் ஒன்று ரிமொலோல் என்றால், ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது. கண்ணில் விட்ட துளி மூக்கு வழியாக உடம்புக்குள் போய் மூச்சுக்குழாயை இறுக்கும். அதை மறுபடி விடாமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். ஆஸ்துமா இருப்பது கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றத் துளியை நிறுத்தச் சொல்லவில்லை. அதைத் தொடர வேண்டும்.

பார்வை கூடவில்லை என்பது உண்மை, கூடவும் மாட்டாது. மிச்சம் இருப்பது குறையாமல் நிற்பதற்குத்தான் அந்த மருந்து. நிறுத்தினால் அடுத்த நாளே ஒன்றும் தெரியாது என்பதால் மாமி தான் சொன்னதே சரி என்பார். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

விடும்போது கீழ் இமையை இழுத்து ஒரு துளி மட்டும் விட்டு, கண்ணை மூடி, மூக்கோடு ஒட்டிய மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் கழிய வேண்டும். லற்றானோபிரொஸ்ட் என்றால் பெரும்பாலானவற்றைத் திறக்கும்வரை குளிரில் வைக்க வேண்டும். ஆகவே ஒரு போத்தலுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். திறந்ததை வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் பெட்டியோடு வைத்து நான்கு வாரத்தில் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: தாய்ப்பாலோ தேனோ விட்டால் கண் அழுத்தம் குறையுமா?
— ஒரு வாசகர், மல்லாவி

பதில்: குறையாது. கண்ணுக்குள் கிருமிதான் போய்ச் சேரும். பாலைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

கேள்வி: முதல்முறையாகக் கண் பிரிவுக்குப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?
— ஒரு வாசகர், பரந்தன்

பதில்: பழைய கிளினிக் கொப்பி, இப்போது போடும் கண்ணாடி, வீட்டில் உள்ள எல்லாக் குளிசையும் எல்லாத் துளிப் போத்தலும், வெறும் போத்தல் என்றாலும். கூட ஓர் ஆள். கண்மணியை விரியவைத்தால் சில மணித்தியாலத்துக்குக் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். அந்தக் கண்ணோடு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். சாப்பாட்டுப் பொதியும் கொண்டுபோங்கள். வரிசை நீளம், பசியில் எழும்பி வந்துவிடுவீர்கள்.